மேசைமேல் ஓர் ஆறு

நாம் ஆடும் சதுரங்கப் பலகையிலே ஆறு இல்லை. அறுபத்துநான்கு கட்டங்களும் ஒரே தரை. மேடுமில்லை, பள்ளமுமில்லை, மழை பெய்து சேறான கட்டம் என்று ஒன்றுமில்லை. காய்கள் தத்தம் நடைக்குரிய விதியன்றி வேறெதற்கும் கட்டுப்படாமற் செல்கின்றன. சீனர் ஆடும் சதுரங்கத்திலோ பலகையின் நடுவே ஓர் ஆறு குறுக்கிடுகின்றது. அவ்வாற்றை யானை கடத்தல் ஆகாது. அது தன் கரையிலேயே நின்று காவல் புரிதல் வேண்டும். காலாளோ ஆற்றைக் கடந்த பின்னர் முன்னோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் நகரும் உரிமையைப் பெறுகின்றான். அப்பலகையில் ஆறு எனப்படுவது கோடுகளுக்கிடையே விடப்பட்ட ஒரு வெற்றிடமே. எனினும் யார் எங்குச் செல்லலாம், சென்றபின் என்ன ஆற்றலைப் பெறலாம் என்பவற்றையெல்லாம் அவ்வெற்றிடம் மாற்றிவிடுகின்றது. போரிலே நீரும் ஒரு பங்காளி என்பதை அவ்விளையாட்டை வகுத்தோர் நன்குணர்ந்திருந்தனர் எனலாம்.

இக்கட்டுரை அத்தகைய ஓர் ஆற்றைக் கையாற் செய்தல் பற்றியது. மேசைமேற் சிறு உருவங்களைப் படைகளாக அணிவகுத்து, அளவுகோலும் பகடையும் கொண்டு, பழைய போர்களை மீண்டும் ஆடிப்பார்க்கும் பொழுதுபோக்கு மேனாட்டினர் பலரிடம் உண்டு. வீரன் ஒருவனின் உயரம் 28 மில்லிமீற்றர், அல்லது 15 மில்லிமீற்றர், சிலவேளை 6 மில்லிமீற்றர் மாத்திரமே. அவ்வீரர் நிற்பதற்குக் குன்றும் காடும் ஊரும் ஆறும் வேண்டும். இவற்றை ஒருசேர நிலவுரு என்று கூறலாம். நிலவுருச் செய்தல் தனியொரு கைத்தொழிலாகவே வளர்ந்துள்ளது. அதனுள்ளும் ஆறு செய்தலே கடினமானது. குன்றை எவ்வாறு செய்தாலும் அது குன்று போலவே தோன்றும். ஆறோ சிறிது பிசகினும் நீலத் துணிப்பட்டியாகத் தோன்றிவிடும்.

வளர்ந்த ஒருவர் செய்யும் வேலையா இது என்று என்னிடம் கேட்ட நண்பர் பலர். போரினிடையே பிறந்து வளர்ந்த ஒருவன் போரை விளையாட்டாக ஆடலாமா என்று கேட்டோரும் உளர். முதலாவது வினாவுக்குச் சிரித்து விடையளிக்கலாம். இரண்டாவது வினா அத்தகையதன்று. அதனை மனத்தில் இருத்திக்கொண்டே இவற்றை எழுதுகின்றேன்.

இவ்விளையாட்டின் வரலாற்றைச் சிறிது தொட்டுச் செல்லல் பொருந்தும். 1812ஆம் ஆண்டிலே பிரசியாவின் அரச அலுவலரான கேயோர்க் லியோப்போல்ட் வொன் றைஸ்விற்ஸ் என்பவர், தாம் வகுத்த போர்ப்பயிற்சி விளையாட்டைத் தம் மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்கு அளித்தார். அது மேசை வடிவிலமைந்த ஒரு பேழை. அதன் மேற்பரப்பிலே சிறு சதுரத் தகடுகளை விரும்பியவாறு அடுக்கலாம். ஒவ்வொரு தகட்டிலும் வயலோ காடோ வீதியோ ஆறோ உருவாக்கப்பட்டு நிறந்தீட்டப்பட்டிருந்தது. தகடுகளை மாற்றி அடுக்கினால் ஆறும் வேறு வழியிற் செல்லும். இன்று துண்டுதுண்டாகச் செய்து பொருத்தப்படும் மேசையாறுகளுக்கு அத்தகடுகளே மூதாதையர். அவருடைய மகன் பீரங்கிப்படை அதிகாரி. அவர் 1824இல் அவ்விளையாட்டைச் செப்பனிட்டு, 1:8000 என்னும் அளவில் வரையப்பட்ட படங்களின்மீது ஆடத்தக்கதாக விதிநூலொன்றை வெளியிட்டார். பிரசியப் படை அதனை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. தந்தையின் மேசையிலே விரலாற் தடவி உணரத்தக்கதாயிருந்த ஆறு மகனின் படத்திலே மைக்கோடாயிற்று. படைத்துறையினர்க்கு அது போதுமானதாயிருந்தது.

படையணியினரின் கையிலிருந்த இவ்விளையாட்டைப் பொதுமக்களின் வீட்டுத் தரைக்குக் கொணர்ந்தோருள் எச். ஜி. வெல்ஸ் குறிப்பிடத்தக்கவர். விஞ்ஞானப் புனைகதைகளால் நாம் அறிந்த அதே வெல்ஸ், 1913இலே பொம்மை வீரரையும் வில்விசைப் பொம்மைப் பீரங்கியையுங் கொண்டு ஆடும் போருக்கு ஒரு விதிநூல் எழுதினார். பொம்மைப் போரைச் சிலமுறை ஆடிப்பார்ப்பவனுக்கு மெய்ப்போர் எவ்வளவு மடமையானது என்பது விளங்கிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அடுத்த ஆண்டிலேயே முதலாம் உலகப் போர் மூண்டது. பின்னர் 1962இலே டொனால்ட் பெதர்ஸ்ரோன் எழுதிய நூல் பிரித்தானியாவில் இப்பொழுதுபோக்கைப் பரவச்செய்தது. அவர் இரண்டாம் உலகப் போரிலே தாங்கிப் படையிற் பணிபுரிந்தவர். மெய்ப்போரைக் கண்டவர்களே பொம்மைப் போரை விரும்பி ஆடினர் என்பது வியப்புக்குரியதாயினும், அதன் காரணத்தைப் பின்னர் ஒருவாறு விளங்கிக்கொண்டேன்.

2011இலே புவியியலில் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நகரொன்றில் வாழ நேர்ந்தது. நான் தங்கியிருந்த தெருவிலே, பழைய மண்டபமொன்றில் ஞாயிறுதோறும் சிலர் கூடி மேசைப் போர் ஆடினர். குளிர்காலத்தில் அவ்வூரிலே இலவசமாகச் சூடேற்றப்பட்ட இடங்கள் அரியன. முதலில் அவ்வெப்பத்தின் பொருட்டே அங்குச் சென்றேன் என்பதைச் சொல்லுதல் நேர்மை. ஆறுகளின் வடிவவியலைக் கற்கும் மாணவன் என்று அறிந்ததும், "அப்படியாயின் எங்களுக்கு ஓர் ஆறு செய்து தரவேண்டும்" என்றார் கழகத்தின் மூத்தவர் ஒருவர். அவர் ஓய்வுபெற்ற தச்சர். கட்டில், அலுமாரி, சவப்பெட்டி ஆகிய மூன்றையும் செய்தவன் தான் என்று தம்மை அறிமுகஞ்செய்யும் வழக்கமுடையவர். ஆற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றை அவருக்குச் சொன்னேன். மரத்தையும் பசையையும் பற்றி அவர் எனக்குச் சொன்னார். அவ்வாறே வேலை தொடங்கிற்று.

அடிப்பலகையே ஆற்றின் முதற் பிரச்சினை. மெய்யான ஆறு நிலத்தினுள் தாழ்ந்து கிடப்பது. மேசையைக் குடைந்து தாழ்த்துதல் இயலாது. ஆகவே ஆறு மேசைக்கு மேலேயே கிடத்தல் வேண்டும். 3 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பலகையை எடுத்து, அதன் ஓரங்களைச் சரிவாகச் சீவி, இருமருங்கும் மென்மேடான கரைகளை எழுப்பினால், நடுவே உள்ள நீர் தாழ்ந்திருப்பதாகக் கண் ஏமாறும். கரையைச் சுவர்வெடிப்பு அடைக்கும் சாந்தால் அமைத்து, அது காயுமுன் மணலைத் தூவுதல் வேண்டும். பலகை மெலிதாயின் பசையின் ஈரத்தால் வளைந்துவிடும். இதனைத் தவிர்க்கத் தச்சர் பலகையின் இருபுறமும் பசை பூசிவிட்டே வேலையைத் தொடங்குவார். ஒருபுறம் இழுப்பதை மறுபுறமும் இழுத்தாற் பலகை நேராக நிற்கும் என்பது அவருடைய பாடம்.

அடுத்தது வளைவு. கடைகளில் விற்கப்படும் மேசையாறுகள் பெரும்பாலும் நேர்த்துண்டு, வளைதுண்டு என்னும் இரண்டே வகையின, இருப்புப்பாதையை ஒத்தவை. ஆறு அவ்வாறு செல்வதில்லை. சமவெளியிலே நெளிந்து செல்லும் ஆற்றின் ஒரு முழு நெளிவின் நீளம் அதன் அகலத்தைப் போல ஏறத்தாழ 10 முதல் 14 மடங்கு என்பதும், வளைவின் ஆரை அகலத்தைப் போல 2 அல்லது 3 மடங்கு என்பதும் ஆற்றியலார் கண்ட பொதுவிதி. சிற்றோடைக்கும் பேராற்றுக்கும் இவ்விகிதம் பெரிதும் ஒத்திருப்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று. ஆதலின் மேசையிலும் இவ்விகிதத்தைப் பேணினால், காரணம் அறியாதவன் கண்ணுக்குங்கூட அது ஆறாகத் தோன்றும். வளைவின் வெளிப்புறத்தே நீர் விரைந்து மோதிக் கரையை அரிப்பதால் அங்கே கரை செங்குத்தாகவும் நீர் ஆழமாகவும் இருத்தல் வேண்டும். உட்புறத்தே மணல் படிந்து சரிவாக இருத்தல் வேண்டும். இதனை விளக்கியபோது, விதிகளை எழுதும் பொறுப்பை ஏற்றிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் உடனே தம் குறிப்பேட்டை எடுத்து, கடவைத்துறை வளைவின் வெளிப்புறத்தே அமைதல் ஆகாது என்று எழுதிக்கொண்டார். புவியியல் விதியொன்று விளையாட்டின் விதியாகிய அக்கணம் எனக்கு மகிழ்ச்சி தந்தது.

நிறத்தைப் பொறுத்தவரையில், நீலத்தை முற்றாக விலக்குதல் நன்று. நீலம் நீரிலே தோன்றும் வானத்தின் நிறம். மேல்நின்று நோக்குவோனுக்கு ஆறு மண்ணிறமாகவோ கரும்பச்சையாகவோ சாம்பல்நிறமாகவோ தான் தெரியும். நடுவே கருமையாகத் தொடங்கி, கரையை அணுக அணுக மண்ணிறம் வெளிறுமாறு ஈரநிறங்களை ஒன்றனுள் ஒன்று கலக்கவேண்டும். ஆழம் என்பது இந்நிறமாற்றத்தாலேயே பிறக்கின்றது. பின்னர் நீர். இதற்கு இரு வழிகள் உள. ஒன்று, மினுக்க வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று நன்கு காய்ந்தபின் மற்றொன்றாக, ஐந்தாறு முறை பூசுதல். மற்றையது, இரு கூறாக வரும் இப்பொக்சிப் பிசினைக் கலந்து ஊற்றுதல். பிசின் கண்ணாடிபோல் தெளிவாக இறுகுமாயினும் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். ஒரே முறையில் தடிப்பாக ஊற்றினால் அவ்வெப்பத்தால் வெடிக்கவும் மஞ்சளாகவுங் கூடும். ஆகவே 2 அல்லது 3 மில்லிமீற்றராக ஊற்றி ஒரு நாள் காத்திருத்தல் வேண்டும். மேலே தூசு படியாதவாறு மூடிவைத்தலும் வேண்டும். வார்னிஷ் மலிவானது, பொறுமையுள்ளோர்க்கு உரியது. நாங்கள் வார்னிஷையே தேர்ந்தோம்.

கரையோர நாணற்புல்லுக்கு அவர்கள் பயன்படுத்தும் பொருளைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலிற் கிடக்கும் தும்புக் கால்மிதியிலிருந்து நாரைக் கொத்தாகப் பிடுங்கி, அடியிற் பசை தோய்த்து, கரையிலே இட்ட சிறு துளையில் நட்டுவிடுகின்றனர். எங்கள் ஊர்ப் பெண்கள் ஊறவைத்த தென்னை மட்டையைத் தடியால் அடித்துத் தும்பெடுக்கும் ஓசை என் இளமையின் ஓசைகளுள் ஒன்று. தும்பு ஏற்றுமதியில் இலங்கை நெடுங்காலமாகப் பெயர்பெற்ற நாடு. நான் நட்ட அந்நார் எந்நாட்டுத் தென்னையிலிருந்து வந்ததென்று கால்மிதி சொல்லவில்லை. ஆயினும் தென்னை நிற்காத நாடொன்றின் ஆற்றங்கரையிலே தென்னந்தும்பு நாணலாக நின்றது.

இனி அளவு. இதுவே இவ்வேலையின் உள்ளார்ந்த சிக்கல். எங்கள் வீரர் 15 மில்லிமீற்றர் உயரத்தினர். அதாவது மெய்யான மனிதனில் ஏறத்தாழ நூற்றுப்பதின்மூன்றில் ஒரு பங்கு. எங்கள் மேசையிலோ ஒரு மில்லிமீற்றர் தரையில் ஒரு மீற்றரைக் குறித்தது. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீற்றர் அகலமான ஆற்றைத் தரையளவில் செய்தால் அது 10 சென்ரிமீற்றர். வீரனின் உருவளவிற் செய்தாலோ 88 சென்ரிமீற்றர். இரண்டும் ஒருங்கே உண்மையாக முடியாது. மனிதனுக்கு ஓரளவு, நிலத்துக்கு வேறோரளவு என்னும் இப்பொய்யின்றி இவ்விளையாட்டு நிகழாது.

இச்சிக்கல் விளையாட்டினர்க்கு மாத்திரம் உரியதன்று. மான்செஸ்ரரிலே பேராசிரியராயிருந்த ஒஸ்போண் றெயினோல்ட்ஸ் 1885 அளவில் மேர்சி ஆற்றின் பொங்குமுகத்துக்கு ஒரு மாதிரியுரு அமைத்து, அதனுள் வற்றுப்பெருக்கை உண்டாக்கி மணல்மேடுகள் எவ்வாறு உருவாகின்றன என்று ஆராய்ந்தார். கிடையளவையும் ஆழத்தையும் ஒரே விகிதத்திற் குறைத்தால் நீர் தாளளவு தடிப்பாகிவிடும். அது ஆற்றின் இயல்பை இழந்து பசைபோல ஒழுகும். ஆதலின் அவர் ஆழத்தைக் கிடையளவினும் ஏறத்தாழ 33 மடங்கு மிகைப்படுத்தினார். உருவத்தை வேண்டுமென்றே பிறழச்செய்தே அவர் ஆற்றின் இயக்கத்தைச் சரியாகக் காட்டினார். மாதிரியுரு செய்பவன் எதனைப் பிறழச்செய்கிறான், எதனை விட்டுவிடுகிறான் என்பதை அறிந்து செய்தல் வேண்டும் என்பதே அதன் படிப்பினை. இது எனக்கு விரிவுரையிற் புரிந்ததைவிடத் தச்சரின் மேசையிலேயே நன்கு புரிந்தது.

நாங்கள் செய்த ஆறு பெரெசினா. இன்று பெலாருஸ் நாட்டிலே ஓடுவது. 2012 நவம்பரில் அவ்வாற்றங்கரைப் போரின் இருநூறாவது ஆண்டு நிறைவுக்கு அப்போரை ஆடுவதெனக் கழகத்தார் முடிவுசெய்திருந்தனர். 1812இலே மொஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனின் படை இவ்வாற்றைக் கடந்தே மேற்கே செல்ல வேண்டியிருந்தது. பொரிசோவ் என்னும் நகரிலிருந்த பாலத்தை ரஷ்யர் எரித்துவிட்டனர். வழக்கமாக அக்காலத்தில் உறைந்து கிடக்கும் ஆறு, இடையிலே குளிர் தளர்ந்தமையால், உடைந்த பனிக்கட்டிகளைச் சுமந்து ஓடிற்று. கோர்பினோ என்னும் தளபதி, நனைந்த குதிரையுடன் வந்த குடியானவன் ஒருவனைக் கண்டு, பொரிசோவுக்கு வடக்கே ஸ்ருடியாங்கா என்னும் சிற்றூரின் அருகே கடவைத்துறை உண்டென அறிந்திருந்தார். படையெடுப்பாளர் அனைவரின் படங்களுக்கும் தெரியாத ஒன்றை அந்தக் குதிரையின் ஈரம் சொல்லிற்று.

பாலம் அமைக்கும் பணி தளபதி எப்லேயின் பொறுப்பாயிற்று. சில நாள்களுக்கு முன்னர் ஓர்ஷாவிலே, சுமையைக் குறைக்கும் பொருட்டு மிதவைப்பாலக் கருவிகளை எரித்துவிடுமாறு கட்டளை பிறந்தபோது, எப்லே இரண்டு உலைக்களங்களையும், இரண்டு வண்டி கரியையும், ஆறு வண்டி கருவிகளையும் காப்பாற்றி வைத்திருந்தார். அவையே பின்னர் படையைக் காத்தன. நவம்பர் 26ஆம் நாள் அவருடைய பாலப்படையினர் ஏறத்தாழ 400 பேர், சிற்றூரின் வீடுகளைப் பிரித்தெடுத்த மரங்களால் முட்டுக்கால்களை அமைத்து, பனிக்கட்டி மிதக்கும் நீரிலே மார்பளவு இறங்கி நின்று வேலைசெய்தனர். ஆற்றின் அகலம் ஏறத்தாழ 100 மீற்றர். நண்பகல் கடந்து காலாட்படைக்கான பாலமும், மாலையில் பீரங்கிக்கும் வண்டிகளுக்குமான பாலமும் முடிந்தன. கனப்பாலம் மூன்று முறை முறிந்தது. மூன்று முறையும் அவர்கள் மீண்டும் நீருள் இறங்கினர். அவர்களுள் உயிர்தப்பியோர் மிகச் சிலரே. எப்லேயும் அவ்வாண்டின் இறுதியிலே கோனிக்ஸ்பேர்க்கில் இறந்தார்.

இவ்வாற்றை அமைத்தலில் என் கற்றதெல்லாம் பயன்பட்டது. கிழக்குக் கரை சற்று மேடு. மேற்குக் கரை சதுப்பு. பனிக்கட்டிகளுக்கு மெழுகுதிரியை உருக்கித் தகட்டிலே மெலிதாக ஊற்றி, ஆறியபின் உடைத்தோம். ஓரங்கள் வெளிறிய அத்துண்டுகளைக் கரிய நீர்மேல் ஒட்டியபோது, அறையிலிருந்தோர் தம்மையறியாமலே மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டனர். தச்சர் பாலங்களைத் தீக்குச்சிகளாற் செய்தார். வரலாற்றின்படி ஒவ்வொரு பாலத்துக்கும் 23 முட்டுக்கால்கள். 10 சென்ரிமீற்றர் ஆற்றிலே அவ்வளவையும் நெருக்கி வைத்தாற் பாலம் சீப்புப் போலத் தோன்றும் என்று கூறிச் சிலவற்றைக் குறைத்தார். அவர் குறைத்ததை அறிந்தே குறைத்தார்.

பின்னரே உண்மையான பிரச்சினை எழுந்தது. பெரெசினாவின் கிழக்குக் கரையிலே நின்றது படை மாத்திரமன்று. அணியிழந்த வீரர், காயமுற்றோர், வண்டிக்காரர், மொஸ்கோவிலிருந்து படையுடன் புறப்பட்ட குடும்பங்கள், பெண்கள், குழந்தைகள் என ஆயிரக்கணக்கானோர் அங்கே குவிந்திருந்தனர். 27ஆம் நாள் இரவு பாலம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தபோதும், குளிராலும் களைப்பாலும் அவர்கள் தீமூட்டிய இடத்தைவிட்டு அசையவில்லை. 28ஆம் நாள் ரஷ்யப் பீரங்கிகள் முழங்கியபோது எல்லோரும் ஒரே வேளையிற் பாலத்தை நோக்கி ஓடினர். நெரிசலில் மிதிபட்டும் நீரில் வீழ்ந்தும் இறந்தோர் பலர். 29ஆம் நாள் காலை, பின்னணிப்படை கடந்தபின், எப்லே தமக்கிடப்பட்ட நேரம் கடந்தும் காத்திருந்து, ஈற்றிலே பாலங்களுக்குத் தீயிட்டார். எஞ்சியோர் மறுகரையிலேயே விடப்பட்டனர்.

எங்கள் விதிநூலில் இம்மக்களுக்கு இடமிருக்கவில்லை. இவர்கள் கட்டளைக்குப் பணிவதில்லை, போரிடுவதில்லை, இவர்களுக்கு மதிப்பெண் இல்லை, எந்த ஆட்டக்காரனுக்கும் உரியோரும் அல்லர். "இவர்களை யார் ஆடுவது?" என்று விதிகளை எழுதிய ஆசிரியர் கேட்டார். அவர் கொடியவர் அல்லர், வினா நியாயமானதே. இவர்கள் இல்லாத பெரெசினா வெறும் நீர்த்தடையே என்று நான் வாதிட்டேன். நெடுநேரம் பேசியும் முடிவு எட்டப்படவில்லை. ஈற்றிலே தச்சர் வழியொன்று கூறினார். காட்டையும் சதுப்பையும் விதிநூல் எவ்வாறு கொள்கின்றதோ அவ்வாறே இவர்களையும் கொள்ளலாம். இவர்கள் நிற்கும் இடத்தினூடே செல்லும் படை தன் வேகத்திற் பாதியை இழக்கும். யாவரும் உடன்பட்டனர். மக்கள் நிலவுருவாயினர். நிலவுருச் செய்பவன் நானாதலின் அவ்வேலையும் என்னிடமே வந்தது.

நம் அகத்திணை மரபு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்னும்; அந்நிலத்துக்குரிய மரம், பறவை, உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்னும்; மக்களின் உள்ளத்து ஒழுக்கத்தை உரிப்பொருள் என்னும். மேசைமேல் முதற்பொருளை எத்துணை நுட்பமாகவும் செய்துவிடலாம். கருப்பொருளையும் தும்பாலும் மெழுகாலும் ஓரளவு அமைக்கலாம். உரிப்பொருளுக்கே விதி இல்லை. உரிப்பொருளுக்கு உரியோரையே முதற்பொருளாக மாற்றி மேசையில் வைக்கும் வேலை என் கையில் இருந்தது. மூன்று வாரம் மாலைதோறும் அவ்வேலையைச் செய்தேன். பழைய பெட்டிகளிலிருந்த உடைந்த உருவங்களை எடுத்து, துவக்குகளை வெட்டியகற்றி, சாந்தாற் போர்வையும் முக்காடும் அமைத்து, வண்டிகளையும் விழுந்த குதிரைகளையும் இடையிட்டு, பன்னிரண்டு தட்டுகளில் ஒட்டினேன். ஒரு தட்டிலே, குழந்தையைத் தோளிற் சுமந்த ஒருவன் நிற்கின்றான். அவ்வுருவம் முன்பு கொடி பிடித்திருந்தவன்.

அவ்வேலையின்போது என் நினைவு வேறொரு நீர்க்கரைக்குச் சென்றதை மறைக்க வேண்டியதில்லை. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவு வழி அடைபட்டிருந்த காலத்தே, குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிலே வள்ளங்களிற் கடந்தனர். 1993இலே, என் ஒன்பதாம் வயதில், நானும் அவ்வாறு கடந்தேன். வள்ளங்கள் ஒன்றோடொன்று கயிற்றாற் பிணைக்கப்பட்டிருந்தன. முன்னே சென்ற ஒன்றிற்கே இயந்திரம். சைக்கிள்களும் பெட்டிகளும் நடுவே, விளிம்பில் மனிதர். விளக்கேற்றக் கூடாது, பேசக் கூடாது. எனக்கருகே இருந்த கிழவி ஒருத்தி இடையிடையே, "கரை தெரியுதோ, தம்பி?" என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அம்மா எனக்காக, "ஓமணை, தெரியுது" என்றாள். கரை தெரியவில்லை. நாங்கள் கடந்துவிட்டோம், அந்நீரிலே உயிரிழந்தோர் பலர். அக்கடனீரேரியின் படங்கள் அந்நாளிற் பலருடைய மேசைகளில் விரிக்கப்பட்டிருந்திருக்கும். ஆழமும் தூரமும் கரையும் அவற்றிற் குறிக்கப்பட்டிருந்திருக்கும். நாங்கள் அவற்றில் எவ்வாறு குறிக்கப்பட்டிருந்தோம் என்பதைத் தச்சரின் அந்த யோசனையைக் கேட்டபோதே முதன்முறையாக எண்ணிப்பார்த்தேன்.

ஆட்டம் ஒரு ஞாயிறு முழுவதும் நடந்தது. பிரெஞ்சுத் தரப்பை ஆடியவர் திறமையானவர். மேற்குக் கரையைப் பிடித்து, பின்னணிப்படையை மேட்டிலே நிறுத்தி, அணியணியாகக் கடத்தினார். ரஷ்யப் பீரங்கிகள் எட்டும் தூரத்துக்கு வந்ததும், பகடை விழுந்தவாறு என் தட்டுகள் பாலத்தை நோக்கி நகர்ந்தன. இரண்டு தட்டுகள் பாலத்தின் வாயிலை அடைத்தபோது, அவர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவற்றினூடே படையைச் செலுத்தினாற் பாதி வேகம், பீரங்கிகள் பின்தங்கும். காத்திருந்தாலும் பின்தங்கும். அவர் செலுத்தினார். வரலாற்றிலும் அவ்வாறே நிகழ்ந்தது. மாலையிலே தீக்குச்சிப் பாலங்கள் அகற்றப்பட்டன. படையிற் பெரும்பகுதி தப்பியமையால் விதிப்படி பிரெஞ்சுத் தரப்புக்கே வெற்றி. கிழக்குக் கரையில் ஏழு தட்டுகள் எஞ்சியிருந்தன. "இவர்களுக்கு என்ன?" என்று தச்சர் கேட்டார். ஆசிரியர் விதிநூலைப் புரட்டினார். அதில் ஒன்றுமில்லை. ஒருவரும் உடனே மேசையைக் கலைக்க முன்வரவில்லை.

படையியல் நோக்கில் பெரெசினாவை நெப்போலியன் தப்பிச்சென்ற திறமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோர் உண்டு. ஆனால் பிரெஞ்சு மொழியின் பேச்சு வழக்கிலே இன்றும் பெரெசினா என்னும் சொல் பேரழிவு என்று பொருள்படும். விதிநூலின் கணக்கும் மொழியின் கணக்கும் வேறாயின. கரையில் எஞ்சியோரையும் சேர்த்தே மொழி கணக்கிட்டது.

இப்போது அந்த இரண்டாவது வினாவுக்கு வருகின்றேன். போரைக் கண்டவன் போரை விளையாடலாமா? அந்த ஞாயிறு மாலையில் எனக்குக் கிடைத்த விடை இதுவே: ஏழு தட்டுகளையும் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களின் பொருட்டு விளையாடலாம். மெய்ப்போரிலே அவ்வாறு நின்று பார்ப்பதற்கு ஒருவருக்கும் நேரமில்லை. வரலாற்று நூலிலே அது ஒரு வரியாகக் கடந்துபோகும். மேசையின்மேல் அது கையெட்டும் தூரத்தில் அசையாமல் நிற்கின்றது. மெய்ப்போரைக் கண்ட முதியோர் சிலர் பொம்மைகளிடம் திரும்பிவந்ததற்கும் இத்தகைய ஒரு காரணம் இருந்திருக்கலாம். அம்மக்களை மேசையில் வையாது ஆடினால் அது வெறும் கணக்கு. அதனை நான் ஆட விரும்பேன்.

இவ்விதழைப் படிக்கும் மாணவர் பலர் நாளை தத்தம் துறையில் மாதிரியுருக்கள் அமைப்பீர்கள். பொறியியலாளன் அணைக்கும், பொருளியலாளன் சந்தைக்கும், புவியியலாளன் ஆற்றுக்கும் அவற்றை அமைக்கின்றான். எந்த மாதிரியும் சிலவற்றைக் குறைத்தே ஆகவேண்டும்; றெயினோல்ட்ஸும் குறைத்தார், தச்சரும் முட்டுக்கால்களைக் குறைத்தார். உங்கள் மாதிரியிலே யார் நிலவுருவாகியிருக்கின்றனர் என்பதை ஒருமுறை தேடிப்பார்க்குமாறு மாத்திரம் கேட்டுக்கொள்கின்றேன்.

நான் நாடு திரும்புமுன் அவ்வாற்றைக் கழகத்துக்கே விட்டுவந்தேன். அது எட்டுத் துண்டுகளாகக் கழற்றப்பட்டு, துண்டுகளினிடையே மெல்லிய தாள் வைத்து, ஒரு மரப்பெட்டியில் அடுக்கப்பட்டது. வார்னிஷ் பூசிய பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையன. ஆதலின் தாள் இன்றியமையாதது. பன்னிரண்டு தட்டுகளையும் வேலிகளும் மதில்களும் இருந்த பெட்டியில் வைக்கவே இடமிருந்தது. தச்சர் அதற்கு உடன்படவில்லை. அடுத்த ஞாயிறு அவர் புதிதாக ஒரு பெட்டி செய்துகொண்டு வந்தார். பன்னிரண்டு தட்டுகளுக்கும் பன்னிரண்டு அறைகள்; மூடிக்குப் பித்தளைப் பிணைச்சல்.